நெப்டியூன் நிஜமாவே அடர் நீலமா? விண்வெளிப் படங்களில் நடக்கும் 'எடிட்டிங்' என்ன?

பள்ளிப் புத்தகத்தில் பார்த்த நெப்டியூன் ஞாபகம் இருக்கா? மை கொட்டியது போல அடர் நீலம். பக்கத்திலேயே வெளிறிய பச்சை கலந்த நீலத்தில் யுரேனஸ். உண்மையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம்தான். நெப்டியூனில் நீலம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் இர்வின் தலைமையிலான குழு, 2024 ஜனவரியில் இதை விளக்கியது. ஹபிள் தொலைநோக்கி, சிலியில் உள்ள வெரி லார்ஜ் டெலஸ்கோப் ஆகியவற்றின் தரவுகளை வைத்து அவர்கள் நிறத்தைச் சரிபார்த்தார்கள்.

அப்போ அந்த நீலம் எப்படி வந்தது?

1989-ல் நெப்டியூனைக் கடந்த வாயேஜர் 2, வெவ்வேறு ஃபில்டர்கள் வழியாகக் கருப்பு வெள்ளைப் படங்களைத்தான் எடுத்தது. அவற்றைச் சேர்த்தால்தான் கலர் படம். மேகங்களும் பட்டைகளும் தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினார்கள். நீலமும் சேர்ந்து ஏறியது. இதில் மோசடி எதுவும் இல்லை. நிறம் கூட்டப்பட்டது என்று அப்போதே படக்குறிப்பில் சொல்லியிருந்தார்கள். ஆனால் காலப்போக்கில் படம் மட்டும் பரவியது, குறிப்பு காணாமல் போனது.

1995-ல் ஹபிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தின் கதை வேறு. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறங்களை ஒதுக்கினார்கள். அங்கே பதிவான ஹைட்ரஜன் ஒளி, கந்தக ஒளி இரண்டுமே நிஜத்தில் சிவப்பு. அப்படியே விட்டால் எது எந்த வாயு என்று பிரித்துப் பார்க்க முடியாது. நிறம் நம் கண் பார்ப்பது அல்ல, ஆனால் தகவல் உண்மை.

மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்துப் படம் எடுப்பவர்கள் செய்வதும் இதே ரகம்தான். ஒரே இடத்தைப் பல தடவை எடுத்து அடுக்குவார்கள், அதுதான் 'ஸ்டாக்கிங்'. புள்ளி புள்ளியான இரைச்சல் குறையும். பிறகு மங்கலான பகுதிகளை மட்டும் வெளிச்சமாக்குவார்கள். கேமராவில் விழுந்த ஒளிதான் வெளியே வருகிறது.

விழாத ஒன்றைச் சேர்த்தால்?

2023 மார்ச்சில் ரெடிட்டில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து சாம்சங் போனில் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் போன் படத்தில் தெளிவாக வந்தன! படத்தின் மேல் வேறு படத்தை ஒட்டுவதில்லை, நிலா என்று ஏஐ கண்டுபிடித்ததும் விவரங்களை மேம்படுத்துகிறது என்று விளக்கம் தந்தது நிறுவனம். கேமரா செட்டிங்ஸில் 'சீன் ஆப்டிமைசர்' ஆப்ஷனை ஆஃப் செய்தால் இந்த வேலை நடக்காது.