இரு பக்கமும் திறக்கும் கதவு: எப்படி வேலை செய்கிறது, எங்கே கவனம் தேவை?

இரண்டு கையிலும் தட்டோடு ஹோட்டல் கிச்சனில் இருந்து வருபவரால் கதவை இழுக்க முடியாது. தோளால் தள்ளத்தான் முடியும். திரும்பி உள்ளே போகும்போதும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவருக்கும் இதே நிலைமை. அவர்களுக்கான தீர்வுதான் இந்தக் கதவு.

சாதாரண கதவு ஏன் ஒரே பக்கம் திறக்கிறது?

நிலையில் கதவு வந்து முட்டி நிற்க ஒரு விளிம்பு இருக்கும். கீலும் ஒரு பக்கம்தான் மடங்கும். அதனால் கீலை மட்டும் மாற்றினால் போதாது, அந்த விளிம்பையும் எடுக்கணும். கதவைச் சுற்றி சில மில்லிமீட்டர் இடைவெளியும் வேணும்.

என்னென்ன வழிகள்?

● டபுள் ஆக்‌ஷன் ஸ்பிரிங் கீல்: இரண்டு உருளைகள், உள்ளே ஸ்பிரிங். ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்துக்கொள்ளும். மரக்கதவுக்கு ஏற்றது.

● ஃப்ளோர் ஸ்பிரிங்: தரையில் புதைக்கும் பெட்டி. உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். கதவு மூடும் வேகத்தை ஸ்க்ரூவைத் திருகி மாற்றலாம். ஆபீஸ் கண்ணாடிக் கதவுகளில் இதுதான் அதிகம். கதவின் எடை, அகலம் பார்த்து வாங்கணும்.

● கிராவிட்டி பிவோட்: கதவைத் தள்ளினால் லேசாக மேலே ஏறும், தன் எடையாலேயே இறங்கி மூடிக்கொள்ளும். இடுப்பளவு அரைக்கதவுக்குப் போதும்.

மரக்கதவு என்றால் கண் உயரத்தில் ஒரு கண்ணாடி கட்டாயம் வையுங்கள். எதிரே ஆள் வருவது தெரியாவிட்டால் முகத்தில் அடிபடும்.

தீ விபத்தில் இது உதவுமா?

கூட்டம் முண்டியடிக்கும்போது உள்பக்கம் இழுக்கும் கதவைத் திறக்கவே முடியாது. அதனால்தான் வெளியேறும் கதவுகள் வெளிப்பக்கம் திறக்கணும், உள்ளே இருப்பவர் சாவி இல்லாமலே திறக்க முடியணும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016. குறைந்தபட்ச அகலம் 1,000 மி.மீ.

இரு பக்கமும் திறக்கும் கதவு தள்ளும் திசையில் போகும் என்பது நல்லதுதான். ஆனால் அந்த இடைவெளி வழியே புகை புகும். எனவே தீத்தடுப்புக் கதவுக்கு இது மாற்று இல்லை. பூட்டியிருந்தால் எந்தக் கதவும் உதவாது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தது முக்கியக் காரணம்.

உங்கள் ஆபீஸ் கதவு கார்டு தேய்த்தால்தான் திறக்குமா? ஃபயர் அலாரம் அடித்தால் அந்தப் பூட்டு தானாக விடுபடுமா என்று அட்மினிடம் இன்றே கேளுங்கள்.