ஓடும் தாளில் ஒன்றுசேரும் நிறங்கள்

வண்ணப்படம் அச்சான ஒரு நாளிதழ்ப் பக்கத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்போமானால், கண்முன் இருந்த பூவும் முகமும் மறைந்து புள்ளிக் கூட்டம் ஒன்றே எஞ்சும். சயான் எனப்படும் பசுநீலம், மெஜந்தா எனப்படும் ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கே மைகளால் ஆனவை அப்புள்ளிகள். இலை பச்சையாகத் தெரிந்தாலும் பச்சை மை அங்கு இல்லை. நான்கு மைகளும் ஒரே வேளையில் தாளில் ஏறுவதுமில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய தகட்டிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகிறது. ஒரு தகட்டின் படம் மற்றொன்றின் மேல் விலகாமல் அமர்ந்தால்தான் முகம் முகமாகத் தெரியும். விலகினால் உதட்டின் சிவப்பு கன்னத்தில் வழியும். எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் படரும். இந்தப் பொருத்தத்தை அச்சகத்தார் ரிஜிஸ்டர் என்றே வழங்குவர். நாம் இங்கு அதனை நிறப்பொருத்தம் என்போம்.

இதன் வரலாற்றைத் துல்லியம் படிப்படியாக வளர்ந்த கதையாகச் சொல்வது வழக்கம். நம் நோக்கில் அது வேறொரு மாற்றத்தின் கதை. தாளை அசையவிடாமல் பிடிப்பதே தொடக்கத்தில் முறையாக இருந்தது. தாள் அசையத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு, அந்த அசைவை அளந்து உடனுக்குடன் திருத்துவது பின்னர் முறையாயிற்று.

பிடித்து நிறுத்தும் முறையின் மிக அழகிய எடுத்துக்காட்டு ஜப்பானில் இருக்கிறது. 1765ஆம் ஆண்டளவில் எடோ நகரில் சுசுகி ஹருனொபு முதலிய ஓவியர்களின் படங்கள் பல நிறங்களில் அச்சாயின. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மரப்பலகை. எல்லாப் பலகைகளிலும் ஒரே இடத்தில் இரண்டு குறிகளைச் செதுக்கினர்: தாளின் மூலை அமர்வதற்கு ஒரு கோணம், விளிம்பு அமர்வதற்கு ஒரு கோடு. அச்சிடுபவர் மூலையைக் கோணத்தில் பொருத்தி, விளிம்பைக் கோட்டில் வைத்து, தாளை மெல்லத் தாழ்த்துவார். அக்குறிக்குக் கென்தோ என்று பெயர். குறிப்பாக உணர்தல், மதிப்பிடுதல் என்னும் பொருளில் அன்றாட ஜப்பானிய மொழியிலும் அச்சொல் வழங்குவதை மொழி மாணவர்கள் கருத்தில் கொள்ளலாம். அக்கைவினைஞர் அறிந்திருந்த மற்றொன்றும் இங்குக் குறிக்கத்தக்கது. அச்சிடுவதற்கு முன்பே தாளை ஈரப்படுத்தி, வேலை முடியும்வரை அந்த ஈரம் மாறாமல் காத்தனர். ஈரம் மாறினால் தாளின் அளவு மாறும். அளவு மாறினால் குறிகளால் பயனில்லை.

ஐரோப்பாவில் யாக்கோப் கிறிஸ்தோஃப் லெ புளோன் என்பவர் நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று தகடுகளாலேயே எல்லா நிறங்களையும் பெறலாம் என்று காட்டி, 1719இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அறிவு சரியாக இருந்தது, வாணிகம் நிலைக்கவில்லை. 1837இல் கொதஃப்ருவா எங்கெல்மன் வண்ணக் கல்லச்சுக்குப் பிரான்சில் காப்புரிமை பெற்ற பின்னரே பலநிற அச்சு பெருந்தொழிலாயிற்று. பத்துக்கும் மேற்பட்ட கற்களில் ஒரே தாள் மாறி மாறி அழுந்த வேண்டியிருந்தது. தாளில் இரண்டு ஊசித் துளைகள் இட்டு, ஒவ்வொரு கல்லிலும் அதே இரு புள்ளிகளில் ஊசியை ஊன்றித் தாளை இறக்கினர். ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வெளிவந்த தெய்வப் படங்களும் இந்தக் கல்லச்சு மரபைச் சேர்ந்தவையே.

மரப்பலகைக்கும் கல்லுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. தாள் தனித்தனியானது, அதற்கு மூலையும் விளிம்பும் இருந்தன. சுழல் அச்சு அந்த மூலையைப் பறித்துக்கொண்டது.

அமெரிக்கரான வில்லியம் புல்லக் 1863இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் தனித்தாளைக் கைவிட்டது. பெரிய காகிதச் சுருளிலிருந்து தாள் இடையறாது இழுபட்டு, உருளைகளுக்கிடையே ஓடி இருபுறமும் அச்சாயிற்று. நாளிதழ்த் தொழிலின் வேகமே மாறியது. அந்த வேகத்துக்கு அவரே பலியானார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1867இல் ஃபிலடெல்ஃபியாவில் தம் இயந்திரம் ஒன்றை நிறுவுகையில் அதில் கால் நசுங்கி, புண் அழுகி மாண்டார்.

ஒரே மை ஏறும்வரை நிறப்பொருத்தம் பற்றிய கவலை எழவில்லை. 1890இல் பாரிசின் 'லெ பெத்தி ழுர்னால்' இதழ் தன் ஞாயிறு இணைப்பை வண்ணத்தில் வெளியிட்டது. 1893இல் நியூயார்க்கின் 'வேர்ல்டு' நாளிதழும் அவ்வாறு செய்தது. அக்காலத்துச் சித்திரக்கதைப் பக்கங்களைக் காண்போர், அவற்றின் தடித்த கறுப்பு எல்லைக்கோடுகளைக் கவனிப்பர். அதை ஓவியரின் சுவை என்று மட்டும் கொள்வது போதாது என்பது நம் கருத்து. மஞ்சள் சிறிது இடப்புறம் சாய்ந்தாலும் சிவப்பு சிறிது மேலேறினாலும் அத்தடித்த கோடு அவற்றை மூடிவிடும். இயந்திரத்தால் இயலாததை ஓவியம் ஈடுசெய்தது.

ஓடும் தாள் ஏன் அடங்குவதில்லை? முதற்காரணம் இழுவிசை. இழுத்தால் தாள் நீளும்; இழுவை தளர்ந்தால் சுருங்கும். சுருள் தீரும் வேளையில் இயந்திரத்தை நிறுத்தாமலே புதிய சுருளை ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டு கடக்கும்போது இழுவிசை குலுங்கி நான்கு நிறங்களும் சற்றே பிரியும். அப்பிரதிகள் பெரும்பாலும் கழிவுக்கே போகும். இரண்டாம் காரணம் நீர். ஆஃப்செட் முறையில் மையுடன் நீரும் தாளில் ஏறுகிறது. காகித இழைகள் பெரும்பாலும் ஓட்டத் திசையிலேயே படிந்திருக்கின்றன. நீரை உறிஞ்சும் இழை நீள்வதைவிடப் பருப்பதே மிகுதியாகையால் தாள் அகலவாட்டில் விரிகிறது. முதல் நிறம் ஏறியபோது இருந்த அகலம் நான்காம் நிறம் ஏறும்போது இருப்பதில்லை. 1.4 மீட்டர் அகலத் தாள் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்தாலும் அது 1.4 மில்லிமீட்டர் ஆகும். நல்ல அச்சிலோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகலே பெரிதாகக் கருதப்படும். நடுவில் நிறங்கள் பொருந்தியிருக்க, இரு ஓரங்களிலும் அவை விலகி நிற்பது இதனாலேதான்.

இதற்கு இயந்திரம் அமைப்போர் கண்ட விடைகள் பல. நடுவே ஒரு பெரிய உருளையை வைத்து, அதைச் சுற்றி நான்கு நிற அலகுகளையும் அமைப்பது ஒன்று. தாள் அவ்வுருளையைத் தழுவியபடியே நான்கு நிறங்களையும் பெறுவதால் விரிய வாய்ப்புக் குறைவு. இஃது இன்னும் பிடித்து நிறுத்தும் பழைய எண்ணமே. மற்றொரு விடை நமக்கு மிகவும் பிடித்தது. அலகுகளுக்கிடையே சிறு சக்கரங்களைத் தாளின்மீது மெல்ல அழுத்துவார்கள். தாள் அலைபோல் நெளிய, மிகுந்த அகலம் அந்த நெளிவில் ஒடுங்கி, அடுத்த நிறத்துக்கு ஏற்ற அகலம் திரும்புகிறது. விரிவைத் தடுக்காமல், விரிந்ததைச் சுருக்கிக்கொள்ளும் வழி இது.

நீளவாட்டு விலகலைக் கண்டறியும் வேலை நெடுங்காலம் மனிதக் கண்ணிடமே இருந்தது. இயக்குநர் பிரதி ஒன்றை எடுத்து, ஓரத்திலுள்ள சிலுவைக் குறிகளைக் கண்ணாடியால் பார்த்து, திருகியைத் திருப்புவார். அதற்குள் நூற்றுக்கணக்கான பிரதிகள் ஓடிவிடும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஒளிமின்கலம் அவ்வேலையில் பங்கேற்றது. ஒவ்வொரு நிறமும் தாளின் ஓரத்தில் தனக்கென ஒரு சிறு குறியை அச்சிடும். அக்குறி ஒளியைக் கடக்கும் கணத்தை மின்கலம் உணரும். வரவேண்டிய கணத்துக்கும் வந்த கணத்துக்கும் உள்ள வேறுபாடே பிழையின் அளவு. தாள் நொடிக்கு 10 மீட்டர் ஓடுமாயின், பத்தில் ஒரு மில்லிமீட்டரைக் கடக்க நொடியில் இலட்சத்தில் ஒரு பங்கு போதும். கிராவூர் எனப்படும் குழியச்சில் இரு அலகுகளுக்கிடையே உள்ள ஓர் உருளை நகர்ந்து தாளின் பாதையைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஆஃப்செட்டில் தகட்டுருளையே சற்று முன்னோ பின்னோ, இடமோ வலமோ நகரும்.

பழைய இயந்திரங்களில் எல்லா அலகுகளையும் ஒரே நீண்ட எஃகுத் தண்டு சுழற்றியது. தண்டு முறுகும், பற்சக்கரங்கள் தேயும். 1990களில் அலகுகளுக்குத் தனித்தனி மின்பொறிகள் வந்து, தண்டின் இடத்தை மின்னணுக் கட்டளை பிடித்தது. பிழை முற்றிலும் ஒழிந்ததா என்றால் இல்லை. பிழை எழுந்து மறையும் காலமே குறுகியது.

பிழை எஞ்சும் என்பதை ஏற்று, அச்சுக்கு முன்பே சில ஏற்பாடுகளும் செய்யப்படுகின்றன. நான்கு நிறங்களின் புள்ளி வரிசைகளையும் வெவ்வேறு கோணங்களில் சாய்ப்பது அவற்றுள் ஒன்று. கறுப்பு 45 பாகை, மெஜந்தா 75, சயான் 15, மஞ்சள் 0 என்பது பரவலான வழக்கு. ஒரே கோணமாயின் சிறு விலகலும் படத்தின் நிறத்தையே மாற்றிவிடும். அடுத்தடுத்த நிறங்கள் ஓரத்தில் மயிரிழை அளவு ஒன்றையொன்று மூடுமாறு அமைப்பதும் உண்டு.

தமிழாசிரியர்கள் கருதவேண்டிய இடர் ஒன்றும் இங்குண்டு. வண்ணப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்பது அச்சிடப்படாத இடம். நான்கு தகடுகளும் அதே இடத்தை வெறுமையாக விட்டால்தான் அது தோன்றும். ஒன்று விலகினாலும் மை உட்புகும். சிறிய எழுத்துகளில் முதலில் தூர்ந்துபோவது மெய்யெழுத்தின் புள்ளி. 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். எழுத்துக் கற்கும் குழந்தையின் பாடநூலில் இது சிறு பிழையாகாது. ஆதலால் சிறிய எழுத்துகளைக் கறுப்பு மை ஒன்றாலேயே வெளிர்ப் பின்னணியில் அச்சிடும் வழக்கம் போற்றத்தக்கது; ஒரே தகடாயின் பொருந்தாமைக்கே இடமில்லை.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே ஆராய்ந்து பார்க்கலாம். பல நாளிதழ்களின் பக்க ஓரங்களில் நான்கு நிறங்களில் சிறு புள்ளிகளோ கட்டங்களோ வரிசையாக இருப்பதைக் காணலாம். அச்சுக்கூடத்துக் கருவிகளும் இயக்குநரும் பார்ப்பதற்காக இடப்பட்டவை அவை. நூல்களில் இத்தகைய குறிகள் ஓரம் வெட்டும்போதே போய்விடும்; நாளிதழில் மட்டும் அவை நம் கைவரை வந்து சேர்கின்றன.