விடுதிக்காரியும் மூன்று பிரபுக்களும்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பா என்றாலே நமக்குப் பிரெஞ்சுப் புரட்சிதான் ஞாபகம் வரும். அதற்கு 36 வருடம் முன்பே, 1753-ல், வெனிஸ் நகர மேடை ஒன்றில் பிரபுக்களைக் கிண்டலடித்துக் கொண்டிருந்தார்கள். கார்லோ கோல்தோனி எழுதிய 'லா லோகாந்தியெரா' (விடுதிக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள்) பற்றித்தான் இந்தப் பதிவு.

கதை சிம்பிள். ஃபிளாரன்ஸில் விடுதி நடத்தும் மிராந்தோலினாவை இரண்டு பேர் சுற்றி வருகிறார்கள். ஒருவர் மார்க்கீஸ்: பட்டம் இருக்கிறது, பையில் காசு இல்லை. "என் ஆதரவு உனக்கு உண்டு" என்பதைத் தவிர அவரால் கொடுக்க முடிந்தது அதிகபட்சம் ஒரு கைக்குட்டை. இன்னொருவர் கவுண்ட்: பட்டத்தையே பணம் கொடுத்து வாங்கியவர், வைரமாகப் பரிசளிக்கிறார். மூன்றாவதாக, பெண்களே பிடிக்காத ஒரு வீரப்பிரபு. அவரைக் காதலில் விழவைத்துக் காட்டுகிறேன் என்று அவள் கிளம்புகிறாள். நல்ல துணி விரிப்பு, தன் கையால் சமைத்த குழம்பு, ஒரு பொய் மயக்கம். ஆள் அவுட்!

வெனிஸ் பார்வையாளர்களுக்கு அந்த மார்க்கீஸ் யார் என்று நன்றாகவே தெரிந்திருக்கும். அங்கே பிரபுக் குடும்பங்களின் பெயர்கள் 'தங்கப் புத்தகம்' என்ற பதிவேட்டில் இருக்கும். கிரீட் தீவுக்காகத் துருக்கியரோடு நடந்த போரில் (1645-69) கஜானா காலியானதும், 1,00,000 டூக்காட் கட்டினால் அதில் இடம் என்று அரசே விற்றது. இன்னொரு பக்கம், சொத்தை இழந்த பழைய பிரபுக்கள் சான் பர்னபா பகுதியில் குறைந்த வாடகையில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு 'பர்னபோத்தி' என்றே பட்டப்பெயர். கதையை ஃபிளாரன்ஸுக்குத் தள்ளிவிட்டது கோல்தோனியின் சாமர்த்தியம் என்பேன். சொந்த ஊர் பிரபுவைச் சொந்த ஊரிலேயே கேலி செய்தால் தொல்லைதானே?

சரி, கடைசியில் அவள் யாரைக் கட்டிக்கொள்கிறாள்? மூவரையும் இல்லை, விடுதி வேலைக்காரன் ஃபப்ரீசியோவை. எனக்கு முதலில் சப்பென்று இருந்தது. ஆனால் 1750-ல் இதே கோல்தோனி ஆங்கில நாவலான 'பமேலா'வை நாடகமாக்கியபோது என்ன செய்தார் பாருங்கள். நாவலில் பிரபு தன் வேலைக்காரப் பெண்ணை மணக்கிறான். நாடகத்திலோ அவள் பிறப்பால் பிரபு வம்சம் என்று கடைசியில் தெரியவருகிறது. காரணத்தை அவரே எழுதியிருக்கிறார்: வெனிஸில் பிரபு ஒருவன் சாதாரணப் பெண்ணை மணந்தால், பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிரபு அந்தஸ்து போய்விடும். மேடையில் அதை நல்ல முடிவாகக் காட்ட முடியாது.

மிராந்தோலினாவுக்கு இந்தக் கணக்கு தெரியும். தவிர, ஏமாந்த வீரப்பிரபு கோபத்தில் கதவை உடைக்கிற அளவுக்கு வருகிறான். விளையாட்டு பயமாக மாறிவிட்டது. அவள் பெயரும் விடுதியும் தப்ப வேண்டும். இறந்துபோன அப்பாவும் ஃபப்ரீசியோவைத்தான் சொல்லியிருந்தார். கல்யாணம் ஆனாலும் கடையின் சாவி அவள் கையில்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேடைக்குப் பின்னாலும் ஒரு அந்தஸ்துச் சண்டை நடந்தது. குழுத் தலைவர் மெதெபாக்கின் மனைவி தெயதோராதான் கதாநாயகி நடிகை, அடிக்கடி படுத்துவிடுவார். கோல்தோனி இந்த வேடத்தை, வழக்கமாக வேலைக்காரியாக நடிக்கும் மத்தலேனா மர்லியானிக்குக் கொடுத்தார். நாடகம் ஹிட். கேள்விப்பட்ட தெயதோரா படுக்கையை விட்டு எழுந்து வந்தார். சில நாட்களிலேயே விடுதிக்காரியை இறக்கிவிட்டு, தான் நடிக்கும் 'பமேலா'வை மேடையேற்ற வைத்துவிட்டார்!