நில்லாத மனம்

தேர்ந்த வீரனின் வாள்வீச்சில் முயற்சியின் சுவடே தெரிவதில்லை. அந்த எளிமை எங்கிருந்து வருகிறது? பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் இதற்கு விடை எழுதியவர் தக்குவான் சோஹோ (1573–1645) என்னும் சென் பௌத்தத் துறவி. துறவியர்க்கு ஊதா அங்கி வழங்கும் உரிமை குறித்த பூசலில் ஆட்சியை எதிர்த்ததால், 1629-இல் வடபகுதிக்கு அனுப்பப்பட்டு, 1632-இல் மன்னிக்கப்பட்டவர்.

ஷோகுனின் வாள் ஆசானான யாக்யூ முனேநோரிக்கு அவர் எழுதிய மடலின் சாரம் இது: எதிரியின் வாளிலோ தன் வாளிலோ மனம் தங்கினால் கை தயங்கும். ஆயிரம் கைகளையுடைய கன்னோனின் மனம் ஒரு கையிலேயே நின்றுவிட்டால், ஏனைய 999 கைகளும் பயனற்றுப்போகும்.

எனினும், பயிற்சி வேண்டாம் என்று அவர் கூறவில்லை. ஒன்றும் அறியாத புதியவன் தயக்கமின்றி அசைகிறான். பிடியும் நிலையும் கற்றதும் தடுமாறுகிறான். பல்லாண்டுப் பயிற்சிக்குப் பின்னரே பழைய எளிமைக்குத் திரும்புகிறான். முதல் எளிமை அறியாமையால் வந்தது. இறுதி எளிமையோ உழைப்பின் கனி.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தடுமாற்றத்தையே நாம் தோல்வியென எண்ணி, கற்பதைக் கைவிட்டு விடுகிறோம். அது வழி தவறியதன் அடையாளமன்று. கற்கத் தொடங்கிவிட்டோம் என்பதன் அடையாளமே.