பூ அறையில் ஒரு நோயாளி

ரப்பர் டயர்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க நகரம் ஆக்ரன். அங்குள்ள புனித தோமா மருத்துவமனையில் நோயாளரைப் பதிவு செய்யும் பொறுப்பில் இருந்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. 1939 ஆகஸ்டில் டாக்டர் பாப் ஸ்மித் அவரிடம் ஒரு குடிநோயாளரைக் கொண்டுவந்தார். குடித்தவரைச் சேர்க்க அந்நாளில் பெரும்பாலான மருத்துவமனைகள் இசைவதில்லை. சகோதரியோ பதிவேட்டில் 'கடும் இரைப்பை அழற்சி' என எழுதி, நோயாளரைப் பூக்கள் அடுக்கும் சிற்றறையில் வைத்துப் பேணினார். அதை முழுப் பொய் என்றும் நம்மால் சொல்ல இயலவில்லை. குடிநோயாளரின் இரைப்பை பெரும்பாலும் புண்பட்டே இருக்கும்.

டாக்டர் பாப் தாமே குடியில் வீழ்ந்து மீண்டவர். 1935-இல் பில் வில்சனோடு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்.

நூறாண்டுக்கு முன், 1838 முதல், அயர்லாந்தில் கப்புச்சின் துறவி தியோபால்டு மேத்யூ இலட்சக்கணக்கானோரை மதுவிலக்கு உறுதிமொழி எடுக்கச் செய்தார். 1840-களின் பெரும் பஞ்சத்திற்குப்பின் அவ்வெழுச்சி தளர்ந்தது. உறுதிமொழி மனத்தைத் தொடும். நெடுநாள் மதுவுக்குப் பழகிய உடலோ, அது நின்றதும் நடுங்கும், உறக்கமிழக்கும். சிலருக்கு வலிப்பும் வரும். அங்கே மருத்துவம் தேவை. அயர்லாந்தில் பிறந்த இக்னேஷியா இரண்டையும் இணைத்தார். வீடு திரும்புவோரிடம் திருஇருதய அடையாளச் சின்னம் ஒன்றைத் தந்து, மீண்டும் குடிக்க நேர்ந்தால் அதற்குமுன் இதை என்னிடம் திருப்பித் தரவேண்டும் என்பார்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் குடியை நோயென ஏற்றது 1956-இல். நம் சிற்றூர்ப் பங்குகளில் அவ்வறிவு இன்னும் வீட்டுவாசலைக் கடக்கவில்லை. கேட்டால் வயிற்றுவலி என்பார்கள், மஞ்சள்காமாலை என்பார்கள். திருப்பலிக் கருத்துச் சீட்டிலும் 'உடல்நலம் வேண்டி' என்று மட்டுமே எழுதித் தருகிறார்கள்.