ஹெல்மட் தலைக்கா, ஹேண்டிலுக்கா?



வீதி விபத்தில் ஒருவர் மரணித்தால் நாம் இன்னாலில்லாஹி சொல்கிறோம், ஜனாஸா அறிவித்தலைப் பகிர்கிறோம், "அவருடைய கத்ர் அவ்வளவுதான்" என்று கடந்துவிடுகிறோம். மரணத்தின் நேரம் அல்லாஹ்விடம் உள்ளது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டும் வேலை நம்முடையது. அதைச் செய்து காட்டிய ஒரு மாநிலத்தின் வரலாறு இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

அந்த மாநிலம் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா. நம் நாட்டவர் பலர் குடியேறியிருக்கும் மெல்பேர்ன்தான் அதன் தலைநகர். 1970 இல் அங்கு வீதிகளில் இறந்தவர்கள் 1061 பேர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 200 க்கும் 300 க்கும் இடையில் நிற்கிறது. இத்தனைக்கும் இந்த இடைவெளியில் மக்கள் தொகை ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது.

ஹெல்மட்டின் கதை இதற்கும் முன்னால், இங்கிலாந்தில் தொடங்குகிறது. உஸ்மானியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியில் பங்கெடுத்த "அரேபியாவின் லோரன்ஸ்" என்ற பிரித்தானிய அதிகாரியைப் பலர் அறிந்திருப்பீர்கள். 1935 மே மாதம் அவர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள் மீது மோதாமலிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கி வீசப்பட்டார். தலையில் ஹெல்மட் இல்லை. ஆறு நாட்களின் பின் இறந்துபோனார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கெயார்ன்ஸ், அவுஸ்திரேலியாவில் பிறந்த மூளை சத்திரசிகிச்சை நிபுணர். அவர் பின்னர் மோட்டார் சைக்கிளில் செல்வோரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மட் உயிர்காக்கும் என்பதை 1941 இல் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டு பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் தூதுவர்களுக்கு ஹெல்மட்டைக் கட்டாயமாக்கியது.

பொதுமக்களுக்கு ஹெல்மட்டை முதன்முதலில் சட்டமாக்கியது விக்டோரியா, 1961 இல். பிரித்தானியாவே 1973 இல்தான் அதைச் செய்தது.

அடுத்தது ஆசனப்பட்டி. 1970 இல் மெல்பேர்னின் "சன்" பத்திரிகை "1034 மீது போர் தொடுப்போம்" என்று ஒரு பிரசாரத்தை ஆரம்பித்தது. 1034 என்பது முந்தைய ஆண்டில் வீதியில் மாண்டவர்களின் தொகை. மறுபுறம், நொறுங்கிய உடல்களைத் தினமும் தைத்துக்கொண்டிருந்த சத்திரசிகிச்சை நிபுணர்களும் அரசை நெருக்கினார்கள். எதிர்ப்பு இல்லாமலில்லை. "என் வாகனத்துக்குள் நான் எப்படி இருப்பது என்று அரசு சொல்வதா?" என்றார்கள். "தீப்பிடித்தால் பட்டியில் மாட்டிக்கொள்வோமே" என்றார்கள். ஆனாலும் 1970 டிசம்பரில் ஆசனப்பட்டி அணிவது சட்டமாயிற்று. உலகில் அதுவே முதற்தடவை. நம் நாட்டில் முன் ஆசனத்துக்கு அது கட்டாயமானது 2011 இல்.

சட்டத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. 1976 இல் எந்தச் சாரதியையும் வழியில் நிறுத்தி மதுப் பரிசோதனை செய்யும் அதிகாரம் பொலிஸாருக்குக் கிடைத்தது. அப்படியிருந்தும் 1989 இல் 776 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் நடந்ததுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி.

அங்கு விபத்தில் காயப்பட்டவருக்கு நட்டஈடும் சிகிச்சைச் செலவும் கொடுப்பது ஒரே அரச நிறுவனம். காயம் குறைந்தால் அதன் செலவும் குறையும். எனவே அந்த நிறுவனமே பணம் போட்டது. மனதை உலுக்கும் விளம்பரங்கள் தொலைக்காட்சியில் வந்தன. வேகத்தைப் பிடிக்கும் கமராக்களும், மதுப் பரிசோதனைக்கென்றே பஸ்களும் வீதிக்கு வந்தன. விபத்து அடிக்கடி நடந்த இடங்களில் வீதிகளும் திருத்தப்பட்டன. 1992 இல் இறந்தவர்கள் 396 பேர். மூன்றே வருடங்களில் ஏறத்தாழப் பாதி!

அந்த மூன்று வருடங்களில் விக்டோரியா மக்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. "இன்று பிடிபடுவேன்" என்ற எண்ணம்தான் அவர்களை மாற்றியது. தண்டப்பணத்தின் தொகையை விட, பிடிபடுவது நிச்சயம் என்ற உணர்வுதான் மனிதனைக் கட்டுப்படுத்துகிறது. வகுப்பறையில் நிற்கும் எங்களுக்கு இது புதிய பாடமல்ல.

இனி நம் பக்கம் வருவோம். இலங்கையில் ஆண்டுதோறும் 2000 க்கும் அதிகமானோர் வீதியில் இறக்கிறார்கள். ஹெல்மட் சட்டம் நம்மிடமும் இருக்கிறது. ஆனால் நம் ஊர்களில் ஹெல்மட் எங்கே இருக்கிறது? ஹேண்டிலில் தொங்குகிறது. பிரதான வீதியில் பொலிஸார் நின்றால் தலைக்கு ஏறுகிறது, ஒழுங்கைக்குள் திரும்பியதும் மீண்டும் இறங்குகிறது. வாப்பாவின் தலையில் ஹெல்மட், முன்னால் டேங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் தலையில் தொப்பி மட்டும். லைசன்ஸ் எடுக்கும் வயது வராத மகனிடம் ரியூஷனுக்குப் போக வண்டிச் சாவியைக் கொடுப்பதை நாம் பெருமையாக நினைக்கிறோம். தராவீஹ் முடிந்த இரவுகளில் வீதி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

விக்டோரியாவில் அரசு மட்டும் முயலவில்லை. ஒரு பத்திரிகையும் சில வைத்தியர்களும் முதலில் எண்ணினார்கள், எழுதினார்கள், விடாமல் கேட்டார்கள். நம் ஊரில் எண்ணுவது யார்? கடந்த ஐந்து வருடங்களில் எத்தனை பேர், எந்தச் சந்தியில், எத்தனை மணிக்கு அடிபட்டார்கள் என்று பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலைகளும் வைத்தியசாலையும் சேர்ந்து ஒரு பட்டியல் போடலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பிரதேச சபையிடம் வேகத்தடையும் மஞ்சள் கடவையும் கேட்டால், வெறும் வாய்ப்பேச்சாக அது தட்டிக்கழிக்கப்படாது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. நாளை காலை பாடசாலை வாசலில் பிள்ளையை இறக்கிவிடும்போது அதன் தலையிலும் ஒரு ஹெல்மட் இருக்கட்டும்.

பிள்ளைகளை வண்டியில் ஏற்றிச் செல்லும் ஒவ்வொருவருக்கும் இதைப் பகிருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.