கறுப்புக் கார் கழுவுதல்: சேர்வராயன் மலைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாறு

கறுப்புக் கார் கழுவுதல் என்பது, கறுப்பு நிறப் பூச்சுள்ள காரின் மேல் கீறல் விழாமல் புழுதியை நீக்கி, நீர்க்கறை படியாமல் உலர்த்தும் வேலையைக் குறிக்கும். எந்த நிறக் காரானாலும் தவறாகத் துடைத்தால் நுண்கீறல்கள் விழும். வெள்ளைக் காரில் அவை கண்ணில் படுவதில்லை, கறுப்பில் படுகின்றன. தமிழில் 'கார்' என்ற சொல்லுக்குக் கருமை, மழைமேகம் என்ற பொருள்கள் முன்பே உண்டு. ஆங்கிலத்திலிருந்து வந்த 'கார்' அதனோடு ஒலியில் ஒன்றிப்போனது தற்செயலே. ஆனால் மோட்டார் வண்டியின் தொடக்கக் காலத்தில் 'கருங்கார்' என்பது உண்மையாகவே பொதுவான காட்சியாக இருந்தது.

ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தில் காரின் பூச்சு பலமுறை அடியோடு மாறியது. துடைக்கும் கையின் பழக்கம் அந்த அளவுக்கு மாறவில்லை. இன்று கறுப்புக் கார்களில் காணப்படும் சிலந்திவலை போன்ற கீறல்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் பிறந்தவை. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

மலையும் இரு புழுதிகளும்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அக்காலத்தில் மேலே செல்வோர் நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் சென்றனர். கார் வந்தது மிகப் பின்னர்.

மலையடிவாரத்தில் சேலத்தை ஒட்டி வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட் கிடைக்கிறது. வெள்ளையாகத் தெரிந்ததால் ஆங்கிலேயர் இந்தக் கரடுகளுக்குச் 'சாக் ஹில்ஸ்' என்று பெயரிட்டனர். இது சுண்ணாம்பு அன்று, மக்னீசியம் கார்பனேட். எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கல் செய்யப் பயன்படுவது. மலையுச்சியில் நிலைமை வேறு. அங்கே செம்மண்ணும் பாக்சைட்டும் உள்ளன. மேட்டூரில் இயங்கிய மால்கோ அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து பாக்சைட் சென்றது. இரண்டுக்கும் அடியில் மலையின் உடலாக இருப்பது சார்னோக்கைட் என்னும் கருநீலப் பாறை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஒட்டி நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இட்ட பெயர் அது. இந்திய நிலவியலில் பெரும் பெயர் பெற்ற ராபர்ட் புரூஸ் பூட் ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவருடைய நினைவிடமும் இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில்தான் உள்ளது.

கார் கழுவுவதற்கும் பாறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கீறுவது துணி அன்று, துணிக்கும் பூச்சுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் கல்துகள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மாக்னசைட் ஏறத்தாழ 4, பாக்சைட்டின் முக்கியக் கனிமமான கிப்சைட் ஏறத்தாழ 3. சாதாரண மணலிலும் சார்னோக்கைட்டிலும் உள்ள குவார்ட்ஸ் 7. சாலைப் புழுதியில் இவையெல்லாம் கலந்தே இருக்கும். கார்ப் பூச்சோ பிசின் வகையைச் சேர்ந்தது. குவார்ட்ஸுக்கு முன் அது நிற்காது.

சாரட்டு வண்டியிலிருந்து

கார் கழுவும் முறைக்கு முன்னோடி குதிரைச் சாரட்டைக் கழுவும் முறையே. சென்னையில் 1840இல் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனம் முதலில் சாரட்டு கட்டும் நிறுவனமாகவே இருந்து, பிறகு மோட்டார் வண்டிகளுக்கு மாறியது. சாரட்டுக்கு எண்ணெய் வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வொரு அடுக்கும் காயக் காத்திருந்து, வாரக்கணக்கில் வேலை செய்வர். அத்தனை உழைப்பில் வந்த பளபளப்பு என்பதால் கழுவும் ஆளுக்குக் கடுமையான விதிகள் இருந்தன. சேற்றைக் காயவிடக் கூடாது. காய்ந்திருந்தால் தேய்க்காமல் நீரை ஊற்றி ஊறவைக்க வேண்டும். வெயிலில் கழுவக் கூடாது. மேல்பகுதிக்கு ஒரு பஞ்சு, சக்கரத்துக்கு வேறு பஞ்சு. கடைசியாக ஷாமாய் தோலால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஐரோப்பிய மலையாட்டின் பெயரால் வழங்கும் இத்தோல் பிற்காலத்தில் பெரும்பாலும் செம்மறியாட்டுத் தோலை மீன் எண்ணெயில் பதப்படுத்திச் செய்யப்பட்டது.

இந்த விதிகளில் ஷாமாய் தோல் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் இன்றும் பொருந்தும். குதிரை வண்டி கழுவியவர் அறிந்திருந்ததை இடையில் வந்த கார் தலைமுறை மறந்தது.

கறுப்பு பெருகிய கதை

ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் 1908இல் வந்தது. தொடக்கத்தில் அது பல நிறங்களில் கிடைத்தது. 1914 முதல் 1925 வரைதான் கறுப்பு மட்டும் என்ற நிலை. கறுப்பு விரைவில் காயும் என்பதால் அதைத் தேர்ந்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. விலை மலிவும் உழைப்பும் அதைவிட முக்கியக் காரணங்கள். அப்போது பயன்பட்ட 'ஜப்பான் கறுப்பு' வகைப் பூச்சில் தாரின் இனத்தைச் சேர்ந்த நிலக்கீல் கலந்திருக்கும். நிலக்கீலே கறுப்பு என்பதால் அதில் வேறு நிறம் எடுக்க வழியில்லை. உலையில் சுடப்பட்ட அப்பூச்சு உறுதியானது. இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு கார்கள் பெரும்பாலும் கனடா ஆலையிலிருந்து வந்தவை.

1923–24இல் டூபாண்ட் நிறுவனத்தின் 'டூகோ' என்னும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இடம்பெற்றது. வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் பொருத்து ஆலை திறந்தது. டூகோ என்ற பெயர் இந்தியாவில் அப்படியே தங்கிவிட்டது. இன்றும் மரச்சாமான் பூச்சுக்குத் தச்சர்கள் 'டூகோ' என்கிறார்கள்.

மஞ்சள் துணியின் காலம்

லாக்கரும் அதன் பின் வந்த எனாமலும் நிறத்தையும் பளபளப்பையும் ஒரே பூச்சில் தந்தவை. வெயிலில் இவற்றின் மேல்தோல் வெளுத்து மாவு போலாகும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் வெளுத்த தோல் கழன்று, அடியிலிருந்து புதுக் கறுப்பு வெளிப்படும். தேய்த்த துணியும் கறுப்பாகும். ஆகவே தேய்ப்பதே பராமரிப்பு என்ற எண்ணம் வேரூன்றியது. அம்பாசடர் (1957–2014), பிரீமியர் பத்மினி ஆகிய கார்களின் ஓட்டுநர்கள் காலையில் மஞ்சள் துணியால் காரைத் துடைத்த காட்சி இக்காலத்தது. பட்டறைகளில் திருப்பூர் பனியன் வேஸ்ட் அந்த இடத்தைப் பிடித்தது. சிலர் வாளி நீரில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தனர். உடனே மினுமினுக்கும். ஆனால் அந்த எண்ணெய்ப் படலம் அடுத்த வளைவிலேயே புழுதியை இழுத்துக்கொள்ளும்.

அந்த ஓட்டுநர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கையில் இருந்த பூச்சுக்கு அந்த முறை ஓரளவு பொருந்தியது. தடித்த ஒற்றைப் பூச்சு பல ஆண்டுத் தேய்ப்பைத் தாங்கியது.

தெளிபூச்சு வந்த பின்

1980களில் வெளிநாடுகளில் பரவி, 1990களின் புதிய கார்களோடு இந்தியாவிலும் பெருகியது இரட்டைப் பூச்சு முறை. அடியில் நிறப்பூச்சு, அதன் மேல் நிறமற்ற தெளிபூச்சு. பளபளப்பு முழுவதும் தெளிபூச்சில்தான் இருக்கிறது. அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியை விட மெல்லியது. தேய்த்தால் புதுக் கறுப்பு வெளிவராது, தெளிபூச்சு குறையும். இயந்திரப் பாலிஷ் போட்டுக் கீறலை மறைக்கும்போதும் இதுவே நடக்கிறது. கீறலை நிரப்புவதில்லை, அதன் ஆழம் வரை சுற்றிலும் செதுக்குகிறார்கள். சில முறை இப்படிச் செய்தால் தெளிபூச்சு தீர்ந்துவிடும். பிறகு பெயிண்டரிடம்தான் போக வேண்டும்.

கறுப்பில் கீறல் ஏன் தெரிகிறது? கறுப்புப் பரப்பு ஒளியை உள்வாங்கிக்கொள்ளும், கண்ணுக்குத் திரும்புவது மிகக் குறைவு. கீறலின் ஓரங்கள் மட்டும் ஒளியைச் சிதறவிடுவதால் அவை வெள்ளைக் கோடுகளாக எழுகின்றன. நாள்பட்ட எவர்சில்வர் தட்டை விளக்கின் கீழ் பிடித்தால் வட்ட வட்டமாகக் கோடு தெரியும். விளக்கை நகர்த்தினால் வட்டமும் நகரும். உண்மையில் கோடுகள் எல்லாத் திசையிலும் உள்ளன. ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோன்றுகிறது.

பனியில் நனைந்த கார்

ஏற்காட்டுக்கே உரிய சிக்கல் மூடுபனி. காலையில் கார் முழுக்க நனைந்திருக்கும். நீர் ஏற்கனவே இருக்கிறதே என்று ஒரு துணியை எடுத்துத் துடைப்பது இயல்பாக வரும் செயல். அந்தத் துளிகள் புழுதியை நனைக்கப் போதும், மிதக்கவைக்கப் போதாது. முந்தைய நாள் மலையேறியபோது படிந்த வெள்ளைப் புழுதியும் மேலே சேர்ந்த செம்புழுதியும் குழைந்து அரைக்கும் பசையாகிவிடும். உலர்ந்த துணியால் துடைப்பதற்கும் இதற்கும் தீங்கில் அதிக வேறுபாடில்லை. கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு உடலைத் தொடாமல் விடுவதே நல்லது.

காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தினால் பறவை எச்சமும் இலைச்சாறும் விழும். எச்சத்தில் உள்ள அமிலம் வெயிலில் தெளிபூச்சை அரிக்கும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டாமல் ஈரத்துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு வைத்துத் தூக்கி எடுக்க வேண்டும். குரங்குகளின் கைத்தடங்களும் கறுப்புக் காரில் அச்சடித்தது போலத் தெரியும். அவற்றையும் துணியால் துடைக்காமல் நீர்விட்டே போக்க வேண்டும்.

கழுவும் முறை

நிழலில், பானட் கையால் தொட்டால் குளிர்ந்திருக்கும்போது தொடங்க வேண்டும். முதலில் எதையும் தொடாமல் மேலிருந்து கீழாக நீர் பாய்ச்சிக் கல்துகளை இறக்க வேண்டும். இதுதான் பாதி வேலை. வாட்டர் சர்வீஸ் கடைகளில் இப்பகுதி நன்றாகவே நடக்கும், அடுத்த பகுதிதான் ஐயத்துக்குரியது. சக்கரத்தைத் தேய்த்த அதே பஞ்சு கதவுக்கும் வந்துவிடும்.

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். மெல்லிய கம்பளி உறையையோ மைக்ரோஃபைபர் கையுறையையோ ஷாம்பு நீரில் நனைத்து, ஒரு பகுதியைக் கழுவி, வெறும் நீரில் அலசிய பிறகே மீண்டும் ஷாம்பு நீரில் விட வேண்டும். ஒரே வாளியில் முக்கி முக்கி எடுத்தால் இறக்கிய மணலையே திரும்ப ஏற்றுகிறோம். கூரையில் தொடங்கிக் கதவின் அடிப்பகுதியில் முடிக்க வேண்டும். கை நேர்கோட்டில் போக வேண்டும், வட்டமாகச் சுழற்றக் கூடாது. பாத்திரம் துலக்கும் பொடியும் துணிச் சோப்பும் மெழுகுப் படலத்தை எடுத்துவிடும். ஏற்காடு ஏரி நிறைந்து வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. எனவே எண்ணெயும் சோப்பும் கலந்த கழுவு நீரை ஓடையோரம் விடாமல் மண்ணில் ஊறவிடுவது அவசியம்.

உலர்த்துதல்

கறுப்புக் காரில் கழுவுவதை விட உலர்த்துவதே கடினம். நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள் வெள்ளை வளையங்களாகத் தங்கும். மாக்னசைட் பாறைகளின் ஊடே ஊறி வரும் நிலத்தடி நீரில் மக்னீசியம் மிகுதி. மலையுச்சிச் செம்மண்ணோ நெடுங்கால மழையில் இவ்வுப்புகளை இழந்த மண். அடிவாரத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவிய கறுப்புக் கார் சேலத்து வெயிலில் சில நிமிடங்களில் புள்ளி புள்ளியாகிவிடும். ஏற்காட்டுக் குளிரில் அவசரமில்லை. ஆனால் ஈரக்காற்றில் துணியும் காய்வதில்லை என்பதால் இரண்டு மூன்று துணிகள் கையில் இருக்க வேண்டும். புதிய வெள்ளைப் புள்ளிகளை நீர் கலந்த வினிகரால் ஒற்றி உடனே அலசினால் போகும். வெயிலில் பலநாள் காய்ந்தவை பூச்சுக்குள் இறங்கிவிடும்.

கடைசி அலசலுக்குக் குழாயின் முனையைக் கழற்றி, நீரைத் தாராகப் படரவிட்டால் பெரும்பகுதி நீர் தானே வழிந்து போகும். மீதிக்கு மைக்ரோஃபைபர் துணி. ஜப்பானின் டோரே நிறுவனம் 1970இல் மிக நுண்ணிய இழையில் செய்த செயற்கைத் தோல் இத்தகைய துணிகளுக்கு வழிவகுத்தது. ஷாமாய் தோல் வழவழப்பானது, விடுபட்ட ஒரு மணல் துகளும் அதற்கும் பூச்சுக்கும் இடையில் சிக்கி இழுபடும். மைக்ரோஃபைபரின் மயிர்கள் துகளை உள்ளே வாங்கிக்கொள்ளும். துணியை விரித்துப் பரப்பின் மேல் வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், அழுத்திச் சுழற்றக் கூடாது. பக்கக் கண்ணாடி, கைப்பிடி, டிக்கி விளிம்பு ஆகியவற்றில் தங்கும் நீர் பிறகு வழியும் என்பதால் சற்று நேரம் கழித்து அவற்றை மறுபடி ஒற்ற வேண்டும்.

இத்துணிகளைப் பஞ்சுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் நூல் துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் நீர் உறிஞ்சும் திறன் குறையும். தரையில் விழுந்த துணி எவ்வளவு உதறினாலும் அன்று மீண்டும் காரின் மேல் படக் கூடாது. துவைத்துக் காயவைத்த பிறகே எடுக்க வேண்டும்.